காலர் அக்கா தைத்த பதாகை

உள்ளறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடுகிறது; சட்டென்று நிற்கிறது. "அடியே, மறுபடியும் காலர் முனையா!" என்று ஒரு பெண் குரல் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறது.

ஏற்றுமதித் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகளாகச் சட்டைக் காலர் மட்டுமே தைத்து வருகிறார் காலர் அக்கா. பாவம், அந்தக் கைக்கு வேறெதுவும் பழகவில்லை. தலையணை உறை தைக்கக் கொடுத்தாலும் நான்கு மூலையும் காலர் முனைபோல் கூராக நீட்டிக்கொண்டு நிற்கும். "முழுச் சட்டை நான் தச்சதே இல்ல. கை வைக்கிறவ ஒருத்தி, பட்டன் வைக்கிறவ ஒருத்தி. எங்க வரிசையே சேந்தாத்தான் ஒரு சட்டை" என்று சிரிப்பார். அந்தச் சட்டை விற்கும் வெளிநாட்டுக் கடைக்குள் நுழைய இந்த ஜென்மத்தில் அவருக்கு வழியில்லை.

ஆனால் அந்தக் கடையின் வாசலை அவர் தினமும் பார்க்கிறார். பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் சுவரில் ஒட்டியிருக்கிறது. கொட்டும் மழையில், முன்பின் தெரியாத பெண்கள் அக்கா காலர் வைத்தது போன்ற சட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். தொழிற்சாலையில் ஒருமுறை புகை சூழ்ந்தபோது கதவு சங்கிலியால் பூட்டிக் கிடந்தது. உயிர் பிழைத்ததே பெரும்பாடு. செய்தி கடல் தாண்டியது. கதவைத் திறந்துவிடச் சொல்லி அந்தப் பெண்கள் கடை வாசலைவிட்டு நகரவில்லை. இங்கே சங்கிலி கழன்றது.

"யாரு பெத்த புள்ளைங்களோ, எனக்காக நனைஞ்சாங்க. பயந்து முகத்தக்கூட மூடிக்கல, பாருங்க" என்பார். அதற்குள் கண் நிறைந்துவிடும். அன்றிலிருந்து வீட்டுக் கதவுக்கு அவர் தாழ் போடுவதில்லை.

இப்போது வேறொரு நாட்டில், அதே கடையின் கம்பெனிக்குத் தைக்கும் பெண்களை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்களாம். அதை எதிர்த்து நாளை இங்கே ஊர்வலம். 'பூட்டைத் திற' என்று வெட்டுத்துணி எழுத்துகளை வைத்துப் பதாகை தைத்துக்கொண்டிருந்தார் அக்கா.

கதவைத் தள்ளிக்கொண்டு சூப்பர்வைசர் வந்தார். ஒரு காலத்தில் அதே வரிசையில் பட்டன் வைத்தவர்.

"அக்கா, ஊர்வலத்துல சேந்தவங்களுக்கு வேலை கிடையாதுன்னு மேல சொல்லிட்டாங்க."

"நான் ஷிஃப்ட்டுக்கு வந்துடுவேன் தம்பி. துணி மட்டுந்தான் போகுது."

அவர் காலர் முனைபோல் கூராக நீண்ட பதாகையின் மூலைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்கு நீங்களே போய் நின்னுடலாம்! இது யாரு கைன்னு ஃபேக்டரியே சொல்லுமே!"

"அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"விளையாடாதீங்கக்கா. வேலை போனா அடுப்பு எரியுமா?"

சூப்பர்வைசர் சட்டைப் பையிலிருந்து குண்டூசிகளை எடுத்து, நான்கு மூலைகளையும் உள்ளே மடித்துக் குத்தினார்.

"கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பதறமாட்டான். நல்லா இருக்கணும் தம்பி" என்றார் அக்கா.

சூப்பர்வைசர் போனார். அக்கா கதவைச் சாத்தினார்; தாழ் போடவில்லை. சுவரில் இருந்த படத்தில் மூடாத அந்த முகங்களைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, மடங்கிய மூலைகளைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி நீவிக் கூராக நிமிர்த்தினார்.