தோணி கட்ட இடம் தேடிய கார்த்திகை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் குடியிருந்தது ஒரு பழைய தோணியில். நான், என் மனைவி, நாலு வயது மகள். தூத்துக்குடியில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்கிய தோணி அது. அதில் நான் சமையலாள். சரக்கு குறைந்து தோணி சும்மா நின்றபோது, "வெறகுக்குப் போடுததுக்கு நீயே வச்சுக்கோலே" என்று முதலாளி என்னிடமே விட்டுவிட்டார். பிறகு கிடைத்த மூட்டை தூக்கும் கூலியில் டவுனுக்குள் வாடகை வீடு பிடிக்க எனக்கு வழியில்லை. அதனால் புன்னக்காயலில், தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில், தோணியைக் கட்டி அதிலேயே குடும்பம் நடத்தினோம். மேல்பலகையில் என் மனைவி தினமும் கோலம் போடுவாள். திருச்செந்தூர் முருகன் படத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தோம். விளக்கேற்றாத சாயங்காலம் கிடையாது.

ஐப்பசி பிறந்தால்தான் பயம். கடலிலிருந்து வாடைக்காற்று அடிக்கும். மலையில் மழை பிடித்தால் ஆற்று வெள்ளம் மரங்களை வேரோடு கொண்டுவந்து முகத்துவாரத்தில் தள்ளும். பக்கத்தில் வள்ளம் வைத்திருந்த மீன்காரர் ஒருநாள் வந்து சொன்னார்.

"பாவநாசம் அணை நெறஞ்சிட்டாம். உம்ம மாமியார் ஊர்த் தண்ணிதாம்வே உம்ம விரட்ட வருது."

என் மனைவி பாவநாசத்துக்குப் பக்கத்து ஆழ்வார்குறிச்சிக்காரி. "எங்க ஊர்த் தண்ணியக் கொற சொல்லாதீங்க அண்ணாச்சி" என்று சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கவில்லை.

தூத்துக்குடியை ஒட்டி எங்காவது காற்றுப் படாத இடம் வேண்டும். அப்போதுதான் வேலையும் கைவிட்டுப் போகாது. துறைமுகத்தில் கேட்டேன். கப்பலுக்கு வாங்குகிற மாதிரி நாளுக்கு இவ்வளவு என்றார்கள். அதைக் கேட்டதோடு திரும்பிவிட்டேன். தோணி கட்டுகிற பட்டறையில், "தோணிக்கு எடம் இருக்கு. பொண்டாட்டி பிள்ளைக்கு இல்ல. இங்கன துணி காயப்போட்டு வச்சா எவன் வேலைக்கு வருவான்?" என்றார்கள். முருகனிடம் ஒரு கயிறு கட்டுகிற இடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

கார்த்திகை கடைசியில் ஒரு உப்பளக்காரர் கிடைத்தார். நெற்றி நிறைய திருநீறு பூசிய பெரியவர். மழைக்காலத்தில் உப்பு விளையாது. அளத்துக்குக் கடல்தண்ணீர் வரும் ஓடை சும்மா கிடக்கும். மூன்று பக்கமும் கரை. "கொண்டாந்து கட்டும்வே. அளத்துல ஆளில்லாத நேரத்துல காவலுக்கும் ஆச்சு" என்றார். வாடகை என்று பேர் பண்ண ஏதோ கொடுத்தால் போதும் என்றார்.

தோணிக்கு இஞ்சின் கிடையாது. மீன்காரர்தான் தன் வள்ளத்தால் இழுத்துக்கொண்டுபோக வேண்டும். காற்று விடவேயில்லை. கடல் அடங்கி, நாங்கள் ஓடை வாயில் போய் நின்றபோது மார்கழி பிறந்துவிட்டது. உப்பளக்காரர் கரையில் நின்றார். முகம் சரியில்லை.

"முன்னாடியே வந்திருக்கலாம்லா. மார்கழியில என் எடத்துல குடி வைக்க மாட்டேன்."

மீன்காரர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வீடு அதே வீடுதான அண்ணாச்சி? கயிறு மட்டுந்தான மாறுது?"

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "அடுப்பு எரியுமா?"

"வெளியில சாப்பிட்டுக்கிடுதேன் அண்ணாச்சி. இவங்கள ஊருக்கு அனுப்பிருதேன். நான் மட்டும் படுத்துக்கிடுதேன்."

"சரி. சாயங்காலம் வெளக்கு ஏத்துவீரா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். என் மனைவி என்னையே பார்த்தாள். முருகன் படத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"ஏத்துவேன்" என்றேன்.

"அப்ப குடிதான். தோணியக் கட்டிட்டுப் போம். தை பொறக்கட்டும், பால் காச்சி ஏறும்."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். "ஒங்க சாமிக்குள்ள மாசம், மனுசனுக்கு ஆவாதாக்கும்!" என்று மீன்காரர் முனகிக்கொண்டே கயிற்றைக் கட்டினார்.

மனைவியையும் மகளையும் ஆழ்வார்குறிச்சியில் மச்சினன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் தூத்துக்குடியில் மூட்டைக் கிடங்கில் படுத்துக்கொண்டேன். பழைய தோணி, அடிப்பலகையில் கசிவு. ஆள் இருந்து காலையும் மாலையும் இறைத்தால்தான் மிதக்கும். எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழியும். ஒரு வாரம் மழை விடாமல் அடித்தது. பெரியவர் ஆள் அனுப்பினார். நான் போனபோது தோணி அறையின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

"பத்திரமா நிக்கட்டும்னுதான்வே கட்டச் சொன்னேன்" என்றார். குடையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

"தெரியும் அண்ணாச்சி."

"தூக்கிரலாமா?"

"அடிப்பலகையே விட்டுப்போச்சு அண்ணாச்சி. இனி வெறகுதான்."

பொங்கலுக்கு ஆழ்வார்குறிச்சி போனேன். மனைவி புறப்படத் தயாராக மூட்டை கட்டி வைத்திருந்தாள். பால் காய்ச்ச ஒரு சின்னப் பானை, பச்சரிசி, வெல்லம் எல்லாம் தனியே ஒரு பையில்.

"அங்கன எப்படிங்க? காத்து அடிக்கலலா?" என்று கேட்டாள்.

"காத்து வராது" என்றேன். அது உண்மைதான். தோணி மூழ்கியதை மட்டும் சொல்லவில்லை. அவள் பையின் வாயைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள்.