பொல்லடியில் என் அடி

கல்முனையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் சொன்னால் அது வாய்க்கொழுப்புத்தான், ஆனால் பொய்யில்லை. காரிலிருந்து இறங்கும் மாப்பிள்ளையின் கால் தரையில் படுவதும் பாட்டின் அடி விழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஃப்ரேம், அதாவது நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, பிந்தினாலும் எனக்குப் பல் கூசும். முதலாளிக்கு இது தெரியும். அதனால்தான் வாரத்தில் மூன்று நாள் பின்னேரம் அஸர் தொழுத கையோடு நான் ஸ்டூடியோவை விட்டு ஓடுவதை அவர் பொறுத்துக்கொள்கிறார். அதற்கு ஈடாக, அந்த நாட்களில் விடியற்காலை சுபஹ் தொழுததும் நான் வந்து கதவைத் திறந்துவிடுவேன்.

ஓடுவது பாலமுனைக்கு. கடற்கரைப் பக்கத்து வெறுங்காணி ஒன்றில் நாங்கள் எட்டுப் பேர் பொல்லடி ஆடுகிறோம். ஆளுக்கு இரண்டு பொல்லு, கோலாட்டக் கம்பு மாதிரி. நடுவில் ஒருவர் பாட, சோடி சோடியாக வட்டம் சுற்றி, குனிந்து நிமிர்ந்து, எதிரே நிற்பவனின் பொல்லில் அடிக்க வேண்டும். நாற்பது வயதில் மூக்குக்கண்ணாடியும் தொப்பையுமாக நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நாள் முழுக்க அடுத்தவர் சந்தோசத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு இருப்பவனுக்கு, மாலையில் தன் உடம்பு வேர்ப்பது பெரிய விசயம். எனக்குச் சோடியாக நிற்பவன் வீடு கட்டுகிற ஒரு மேசன், என் வயதுக்காரன், அதிகம் கதைக்காதவன்.

சேர்ந்து இரண்டு வருடமானபோது, கல்முனையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் ஆட எங்களைக் கூப்பிட்டார்கள். அந்தக் கல்யாண வீடியோவும் எங்கள் ஸ்டூடியோவுக்குத்தான் கிடைத்தது. நான் ஆடப் போனதால் முதலாளியே முணுமுணுத்துக்கொண்டு கமராவைத் தூக்கினார். தெருவின் இரண்டு பக்கமும் சனம். என் மகள் மதிலோரம் நின்று கையாட்டினாள். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் எடிட்டிங்குக்கு உட்கார்ந்து, முதல் வேலையாக என்னைத்தான் தேடினேன். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன். மூன்று சோடிகளின் பொல்லுகள் ஒரே நேரத்தில் முட்டின. எங்கள் சோடி மட்டும் இரண்டு ஃப்ரேம் பிந்தியது. உற்றுப் பார்த்தேன். மேசனின் பொல்லு மற்றவர்களோடு சரியாக வந்து, என் பொல்லு வரும்வரை அந்தரத்தில் நின்றது. ஓர் அடியில் அல்ல, எல்லா அடியிலும். தெருவில் நின்ற ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். என் கண்ணுக்குத் தப்புமா? முகம் சுட்டது. இரண்டு வருடமாக நான் ஆடவில்லை, அவன் என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று நினைக்க, வெட்கத்தோடு அவன் மேல் கோபமும் வந்தது.

பிறகு என் கைவரிசையைக் காட்டினேன். எங்கள் சோடி வரும் இடத்திலெல்லாம் மாப்பிள்ளையின் மாலையை, குடையை, ஓடுகிற பிள்ளைகளைப் போட்டு மறைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே இருந்தது. பின்னால் வந்து நின்ற முதலாளி முழுவதையும் பார்த்தார்.

“எட்டுப் பேர நான் எடுத்த. ஆறு பேர்தான் ஆடுறாங்க. மத்த ரெண்டு பேரும் எங்க தம்பி?”

அப்போதுதான் உறைத்தது. என்னை மறைக்கப் போய் அவனையும் அழித்திருந்தேன். அந்த எட்டுப் பேரில் நன்றாக ஆடுகிறவனே அவன்தான். முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு ஃப்ரேமை எந்தக் கல்யாண வீட்டுக்காரர் எண்ணப்போகிறார் என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். நான் எங்கள் இருவரையும் இருந்தபடியே திரும்பப் போட்டேன். பல் கூசக் கூசத்தான்.

அன்று மாலை பாலமுனையில் மேசனை ஒதுக்கமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

“நீ நாள் முழுக்கப் பாத்துப் பாத்து வெட்டுற ஆள். இங்கயும் பாத்துட்டுத்தான் அடிக்கிறாய்.”

“ஏன் மச்சான் எனக்குச் சொல்லல்ல?”

“சொன்னா நீ வராம உட்டுருவாய்.”

அது உண்மை. என் ரோசம் எனக்குத் தெரியாதா? இனி எனக்காக நிற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவன் தயங்கினான். நான் விடவில்லை.

அவன் நிற்காமல் ஆடிய முதல் நாளே என் பொல்லு காற்றை அடித்தது, அவன் பொல்லு என் வலது கை விரலை அடித்தது. நகம் கறுத்து வீங்கியது. ஒரு கிழமை முழுக்க இடது கையால் மவுஸைப் பிடித்து வேலை பார்த்தேன். வலித்தது, ஆனால் ஒரு வீடியோவும் பிந்தவில்லை. பாலமுனைக்கும் ஒரு நாள் தவறவில்லை. அவன் கையைப் பார்ப்பதை விட்டேன். பாட்டைக் காதில் வாங்கி, காலை நம்பி, கையை வீசப் பழகினேன். மாதக் கணக்காயிற்று.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன், வேகமான கடைசிச் சுற்று முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கினோம். மேசன் சாரன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தான்.

“இண்டைக்கு ஒரு அடிக்கும் நான் உனக்காக நிக்கல்ல மச்சான்.”

என் வீடியோக்களைப் புகழ்ந்து எத்தனையோ பேர் கதைத்திருக்கிறார்கள். அதில் எதையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. இதை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். மறுநாள் முதலாளியிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானாகவே இரண்டு தரம் சொன்னேன்.