வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை

அந்த லேத் பட்டறையில் இருந்தது ஒரே ஒரு இயந்திரம். அதை ஓட்டியவருக்கு ஊர் வைத்த பெயர் தேதிக்காரர். நாளை வா, மறுநாள் வா என்று இழுத்தடிக்கும் பழக்கம் அவரிடம் கிடையாது. சின்ன வேலைகளை முதலில் முடித்து ஆளைக் கிளப்பிவிடுவார். பெரிய வேலைக்குத் தள்ளித் தேதி போடுவார். போட்ட தேதி தப்பாது. எப்படித் தப்பும்? அவ்வளவு தாராளமாகப் போடுவார், மகா கெட்டிக்காரர்! "எங்க கல்யாணத்துக்கே ஒரு மாசம் தள்ளித்தான் தேதி குடுத்தாரு" என்பாள் அவர் மனைவி.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. வேலை முன்பே முடிந்தாலும் தேதிக்கு முன்னால் கொடுக்க மாட்டார். ஒருமுறை கொடுத்துவிட்டால் அப்புறம் தேதிக்கு மரியாதை இருக்காது, ஆளாளுக்கு வந்து நச்சரிப்பார்கள் என்பது அவர் கணக்கு.

படகுக்காரன் தன் படகின் விசிறியைச் சுழற்றும் இரும்புத் தண்டுக்கு, புது ஷாஃப்ட் கடையக் கொடுத்திருந்தான். பழையதில் விரிசல். வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தார். அவன் செவ்வாயன்றே வாசலில் வந்து நின்றான்.

"ஆச்சாண்ணே?"

"வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமைதான். போய்ட்டு வா."

அவர் முதுகுக்குப் பின்னால், சாக்குக்கு அடியில், எண்ணெய் பூசிய ஷாஃப்ட் முடிந்து கிடந்தது.

மறுநாள் அவன் பழைய ஷாஃப்டோடு படகை எடுத்தான். நடுக்கடலில் அது முறிந்தது. நகர முடியாத படகைக் காற்று கொண்டுபோய்ப் பாறையில் மோதியது. கூடப் போனவன் நீந்திக் கரையேறினான். படகுக்காரன் வரவில்லை.

அன்றிலிருந்து லேத்தை நிறுத்தினாலே வாசலில் "ஆச்சாண்ணே?" என்று கேட்கும். அதற்குப் பயந்து, வேலை இல்லாத நேரத்திலும் இயந்திரத்தை வெறுமனே ஓடவிட்டார். பாவம், அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஒரு மாதம் கழித்துப் படகுக்காரனின் மனைவி வந்தாள். அவர் லேத்தை நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. அவரு வந்தப்போ வேலை முடிஞ்சிருந்துச்சா?"

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது.

"இல்லம்மா. பாதியிலதான் இருந்துச்சு."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

"நீயும் கூட வந்து கேளுன்னு அன்னிக்கு என்னைக் கூப்பிட்டாருண்ணே. எனக்கு வேலை இருக்குன்னு நான் வரல. வந்து அழுது கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களோன்னு நெனச்சு நெனச்சு, கண்ணே மூடல. இனிமே தூங்கிடுவேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் தேதிக்காரருக்கு உறைத்தது. இனி இதை அவளிடம் மட்டுமல்ல, யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் போகப்போவது அவள் தூக்கம்.