கறிவேப்பிலைகூட மிஞ்சாத டப்பா

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் பாராட்டுப் பத்திரம் என்று ஒன்று உண்டென்றால், அது சாயங்காலம் காலியாகத் திரும்பி வரும் டப்பாதான்.

குளிர்ந்த மலையூரான செண்பகனூரில் என் வீட்டு அடுப்படியில்தான் இந்தத் தொழில் நடக்கிறது. இங்கே தாய்மார்கள் பலர் ஹோட்டல் அறை பெருக்கவும், கடை திறக்கவும், காரட் பிடுங்கவும் வெள்ளனே கிளம்பிப் போய்விடுகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் டப்பாக்களை நான் நிரப்பி, பேரிக்காய்ப் பெட்டியில் அடுக்கி, கம்பளி போர்த்தி அனுப்புவேன். ஆட்டோக்காரர் ஷாஜகான் பாய் கொண்டுபோய்ப் பள்ளியில் இறக்கி, சாயங்காலம் காலி டப்பாக்களைத் திருப்பிக் கொண்டுவருவார். ‘கட்டுப்படியாகும் விலையில் சத்தான சாப்பாடு’ என்று வாசலில் போர்டுகூட மாட்டியிருக்கிறேன். தினமும் காலையில் இன்றைக்கு என்ன கட்டுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? நீங்கள் ஒன்றிரண்டு டப்பாவோடு படுகிற பாட்டை நான் ஒரு பெட்டி டப்பாவோடு படுகிறேன், அவ்வளவுதான்.

வெள்ளை மூடி

ஆரம்பத்தில், பிள்ளைகள் உடம்பில் ஒட்டட்டும் என்று பருப்புச் சாதத்தில் நெய்யைத் தாராளமாக ஊற்றிக் கட்டினேன். தேங்காயெண்ணெய்ப் புட்டியை அடுப்போரம் வைத்து உருக்கித் தலைக்குத் தேய்க்கிற ஊரில் இருந்துகொண்டு, நெய் மட்டும் உறையாது என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. மதியம் டப்பாவைத் திறந்தால் சாதத்தின்மேல் வெள்ளை வெளேரென்று இன்னொரு மூடி இருந்திருக்கிறது. நெய் போய் நல்லெண்ணெய் வந்ததும், பெட்டிக்குக் கம்பளி வந்ததும் அதற்குப் பிறகுதான். நெய் உறைந்த அன்றைக்கு மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாயிடம் சொல்லியனுப்பினான்: “மெழுகுவர்த்தி சாதம் நல்லாத்தேன் இருந்துச்சுன்னு அத்தைகிட்டச் சொல்லுங்க. திரியத்தேன் காணோம்.”

ஸ்டியரிங் பிடித்த கை

பாண்டி, தாண்டிக்குடிப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவர். மனைவி செல்வி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தாள். நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான் அவளுக்கு லீவு. நாலாம் வகுப்பு படிக்கும் மகள் பவித்ராவுக்கு இவரே ஏதோ கிண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டது. டீச்சர் கூப்பிட்டுச் சொன்னதும் டப்பாவோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரே என் வாசலுக்கு வந்துவிட்டார்.

அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். ஸ்வெட்டர் கொடியில் காய்கிற மாதிரி அவள்மேல் தொங்கியது. ஹேர்பின் வளைவுகளில் அனாயாசமாக வண்டி திருப்புகிற மனிதர், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “அக்கா, எனக்கு ஸ்டியரிங் புடிக்கத் தெரியும், கரண்டி புடிக்கத் தெரியலக்கா. எம்புள்ள எலும்பும் தோலுமாப் போச்சு. எப்படியாச்சும் அதத் தேத்தி விட்ருங்க.”

சுத்தமோ சுத்தம்

அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு டப்பாமேல்தான் கண். முருங்கைக்கீரை இங்கே வளராது. கீழிருந்து வரும் பஸ்ஸில் சொல்லிவைத்து வாங்கி, ராகி அடையில் போட்டேன். பட்டர் பீன்ஸ் சாதம், முட்டைப் பொரியல், கடலை உருண்டை, மலைவாழைப்பழம். தாண்டிக்குடித் தோட்டங்களில் உதிர்ந்து கிடக்கும் பட்டர் ஃப்ரூட்டைப் பாண்டி ஜீப்பில் அள்ளிக்கொண்டு வருவார். அதை மசித்துச் சப்பாத்தி மாவில் பிசைந்தேன். எல்லாம் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கிற சத்துதான்.

டப்பா தினமும் கழுவி வைத்த மாதிரி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்கெல்லாம் தூக்கிக் காட்டினேன். ஆனால் பாண்டி முகத்தில் மட்டும் தெளிவில்லை. ராத்திரி தட்டு வைத்தால், ஸ்கூலில் நிறையச் சாப்பிட்டுவிட்டேன் என்று எழுந்துவிடுகிறாளாம். பிரேயரில் மறுபடியும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாளாம். நம் டப்பாவைப் பாருங்கள், ஒரு பருக்கை இல்லை என்று நான் பாயிடம் புலம்பினேன். நாலு பிள்ளை பெற்றவர் அவர். டப்பாவை வாங்கி உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: “யக்கா, எம்புட்டுப் பசியா இருந்தாலும் எந்தப் புள்ளையும் கறிவேப்பிலையத் திங்காதுக்கா.”

மதிலோரத்து விருந்தாளி

மறுநாள் மதியம் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு நானே பள்ளிக்கூடம் போனேன். பிள்ளைகள் வெயில் விழுகிற பக்கமாகத் திண்டில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பவித்ரா மட்டும் டப்பாவோடு கட்டடத்துக்குப் பின்னால் போனாள். மதிலோரம் ஒரு நாய் காத்துக்கொண்டிருந்தது. அடையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். கடைசியில் டப்பாவையே தரையில் வைத்தாள். அது நக்கி முடித்ததும் குழாயடிக்கு எடுத்துப்போய்க் கழுவினாள். நாய் நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தது. என் சமையலில் குற்றமில்லை.

கோபம்தான் முதலில் வந்தது. கீரைக்காக நான் பஸ் பஸ்ஸாகக் காத்துக் கிடந்ததெல்லாம் இதற்குத்தானா என்று கையை ஓங்கிக்கொண்டுதான் போனேன். பக்கத்தில் போனால், கழுவிய டப்பாவோடு நின்ற அவள் பார்வை, இன்னும் நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்த அந்த நாயின் வாயை விட்டு நகரவில்லை. எச்சிலைக் கூட்டி விழுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பசிக்காமலில்லை. ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, ஏன் தாயி என்று கேட்டேன். அவள் என் காதோரம் வந்து ரகசியமாகச் சொன்னாள்: “அப்பாட்டச் சொல்லிறாதீங்க அத்தை. போன தடவ காய்ச்சல்ல மெலிஞ்சு போனப்பத்தேன் அம்மா லீவு போட்டு வந்துச்சு. இன்னுங் கொஞ்சந்தேன் மெலியணும்.”

திங்கட்கிழமை அடுப்பு

பாண்டியிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? சொன்னேன். அவர் திண்ணென்று இருக்கிற ஆள். ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்து அழுதார். செல்விக்கு நான்தான் போன் போட்டேன். சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அந்த இரண்டு நாளும் பிள்ளை வாரி வாரிச் சாப்பிட்டிருக்கிறாள். ஆனால் செல்வி வேலையை விட்டுவிட்டு வந்துவிட முடியாது. திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸுக்குப் போகுமுன் மகளையும் கூட்டிக்கொண்டு என் அடுப்படிக்கு வந்தாள். நான் எட்டி நின்றுகொண்டேன். சாதாரண உருளைக்கிழங்கு வறுவலும் சாம்பார் சாதமும் தன் கையால் கட்டினாள். பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளை, கைக்குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. செல்வி அழவில்லை. கண்டிப்பான குரலில்தான் பேசினாள்: “பாத்தியா, பஞ்சு மாதிரி இருக்க. இனிமே மெலிஞ்சா அம்மா வரமாட்டேன். குண்டாகு. தூக்க முடியுதா முடியலையான்னு பாக்குறதுக்குத்தேன் வருவேன்.”

பெரிய டப்பா

அன்று சாயங்காலம் பாய் கொண்டுவந்த பெட்டியில் முதலில் அந்த டப்பாவைத்தான் தேடினேன். மூலையில் நாலைந்து கறிவேப்பிலை, ஒரு வரமிளகாய், கடித்துத் துப்பிய வெந்தயம். அந்த எச்சில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையைப் பார்த்து, என்னமோ ஏதோவென்று பாய் ஆட்டோவை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

இப்போது பவித்ராவின் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிகிறது. பிரேயரில் நேராக நிற்கிறாள். செல்விக்கு லீவு பொங்கலுக்குத்தான், அதற்கு இன்னும் எத்தனையோ நாள் கிடக்கிறது. அது பெரியவர்களுக்குத் தெரியும். போன வாரம் பள்ளிக்குப் போகிற வழியில் அவள் என் வாசலில் வந்து நின்றாள். கையில் பாண்டி ஜீப்பில் கொண்டுபோகிற பெரிய அடுக்கு டப்பா. அதை என்னிடம் நீட்டிச் சொன்னாள்: “அத்தை, இனிமே இதுல கட்டுங்க. நெறைய வைங்க. அம்மா வெரசா வரணும்ல?”

சத்தான சாப்பாடு என்று போர்டு மாட்டியவள் நான்தான் என்றாலும், அதில் ஒரு பிள்ளையின் உடம்பில் ஒட்டுகிற சத்து மட்டும் இன்னும் திருப்பூரிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது.