பதினோராம் பக்கம்

அருள்நாயகி வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். பின்னேரங்களில் செய்த வேலை வேறு. உடைத்துச் சிறிதாக்க முடியாதவற்றை எளிய குழுக்கள் என்பார்கள். அப்படியொரு வகையில், குறிப்பிட்ட ஒரு சிறு உட்குழு ஒரேயொரு பெரும உட்குழுவில்தான் அடங்கும் என்று நிறுவ ஆறு வருடம் உழைத்தார். மகத்தான கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அது அவருடையது.

1983 மே மாதம், பல்கலைக்கழகத்தில் அவருக்கு இரண்டு வருடம் இளையவரான நாகேந்திரம் மேற்படிப்புக்கு லண்டன் போனார். முக்கியமான எதையும் தபாலில் போடாமல், போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். நிறுவலின் நல்ல பிரதி அவருடைய பெட்டியில் போனது.

"பயப்பிடாதேங்கோ அக்கா, உங்கட பேரில சஞ்சிகைக்கு அனுப்பிவிடுறன்."

ஜூனில் அருள்நாயகி பதினோராம் பக்கத்தில் ஒரு பிழை கண்டார். இரண்டு பெரும உட்குழுக்கள் ஒன்றே என்று காட்ட, இரண்டிலும் அசையாமல் நிற்கும் ஓர் உட்குழு வேண்டும். ஒன்றில் நிறுவிவிட்டு, மற்றதிலும் அப்படியே என்று எழுதியிருந்தார். "அனுப்பாதேங்கோ, திருத்தித் தாறன்" என்று கடிதம் போட்டார். பதில் இல்லை. ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்தது. குறிப்புக் கொப்பிகளும் எரிந்தன.

இரண்டு வருடம் கழித்து, நூலகத்தில் வேலை செய்த கொட்டாஞ்சேனை பிறிஜெற் ஒரு சஞ்சிகையை மேசையில் வைத்தார்.

"டீச்சர், உங்கட சாமான். பேர்தான் வேற."

நாகேந்திரம் என்ற ஒரே பெயர். அடியில், தட்டச்சு உதவிக்காக அருள்நாயகிக்கு நன்றி. பிழை அதே இடத்தில், ஒரு சொல்லும் மாறாமல் இருந்தது.

"பேசாமல் இருங்கோ. ஒருநாள் ஆரும் பிடிப்பினம், ஆள் விழுவார்."

"அவர் விழுந்தால் தேற்றமும் விழும், பிறிஜெற்."

"எழுதினது நீங்களெண்டு சொல்லுங்கோவன்."

"எதைக் காட்டி? சாம்பலையோ?"

திருத்தம் மனதில் இருந்தது. இரண்டு பக்கத்தில் எழுதி, அதே சஞ்சிகைக்குத் தபாலில் போடப் புறப்பட்டார். காலி வீதியில் மறித்த பொலிஸ்காரர் குறியீடுகளைப் பார்த்து, "மே மொகக்த? கோட் எகக்த?" என்று சிங்களத்தில் கேட்டார்: இதென்ன, சங்கேத மொழியா?

"நே மஹத்தயா, கணக்கு."

அடுத்த வருடம் அது அச்சில் வந்தது: நாகேந்திரத்தின் நிறுவலில் ஒரு பிழையும் அதன் திருத்தமும். எழுதியவர், அருள்நாயகி. சொந்தப் பிழை இன்னொருவருடையதானபோதுதான் அவருடைய பெயர் அச்சேறியது.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக லண்டனிலிருந்து கடிதம் வந்தது.

"அக்கா, நல்லாப் பார்த்திருக்கிறியள். வேற ஏதும் எழுதி வைச்சிருந்தால், இங்க வாற ஆரிட்டையும் குடுத்துவிடுங்கோ."