பின்கதவின் உள்பக்கம்

முட்டுக்காட்டுப் பக்கம், பல ஊர்ப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிற காட்சியகம் ஒன்று இருக்கிறது. போன பொங்கல் லீவில் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். கூடவே என் வீட்டுக்காரரும். புதுப்பட்டினத்திலிருந்து காரில் வரும் வழியெல்லாம் அம்மா முணுமுணுத்தாள்.

"டிக்கெட் வாங்கிக்கினு போயி வூடு பாக்கணுமா? நம்ம வூட்ல இன்னா கொறச்சல்?"

உள்ளே வந்ததும் ஆளே மாறிவிட்டாள். அங்கே வைத்திருந்த ஏரைப் பார்த்து, பூட்டியிருக்கிற விதமே தப்பு என்று தீர்ப்புச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தது, நிலம் நீச்சு நிறைய வைத்திருந்த ஒருவரின் வீடு. தேக்குக் கதவு, பித்தளைக் குமிழ். என் வீட்டுக்காரர் படம் எடுக்க போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அம்மாவைக் காணோம்.

சுற்றிப் போய்ப் பார்த்தால், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சாத்தியிருந்த பின்கதவுக்கு முன்னால் நிற்கிறாள். இருபது வருஷத்துக்கு மேல் திருப்போரூர்ப் பக்கம் நடவுக்குப் போனவள் அவள். கூலி நெல்லோ கஞ்சியோ, ஆண்டை வீட்டில் எங்கள் ஆட்களுக்குப் பின்வாசலில்தான்.

சுள்ளென்று கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் அவள்மேலேயே கொட்டினேன். "இன்னாம்மா இது? எல்லாரும் முன்னாடி போறாங்க, நீ இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கிற?"

"காலு தானா வந்துட்ச்சி," என்றாள்.

அவளைத் திட்டியிருக்கக் கூடாது. செருப்பை வாங்கிக் கீழே போட்டேன். "மாட்டிக்கோ. எல்லாரும் செருப்போடதான் போறாங்க."

முன்வாசலுக்குக் கூட்டி வந்தேன். நிலைப்படியில் கொஞ்சம் தயங்கினாள். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு புதுப்பெண் மாதிரி வலது காலை எடுத்து வைத்தாள். கூடத்தையும் தூண்களையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விடுவிடுவென்று நடந்து, அடுப்படியைத் தாண்டி, அதே பின்கதவுக்கு உள்பக்கம் போய் நின்றாள். தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தாள்.

"எத்தினி வருசம் இந்த மாரி கதவாண்ட நின்னுகினு இருந்தேன். உள்பக்கத்த இன்னிக்கிதான்டி பாக்குறேன்."

தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்தாள். வெளியே சற்றுமுன் அவள் நின்ற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"இங்கேர்ந்து பாத்தா எங்க மூஞ்சி நல்லாதான் தெரிஞ்சிருக்கும், இல்ல?"

"ஆமாம்மா," என்றேன். அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.