எட்டாம் வாய்ப்பாடும் பதினாறு குதியும்

என் பேரன் ஒரு மணி நேரத்தில் பதினான்கு முறை நாற்காலியை விட்டு எழுந்தானாம். டியூஷன் டீச்சர் எழுதியிருந்ததை மகள் எனக்கு அனுப்பினாள். நான் டீச்சருக்கே பதில் போட்டேன்: "பதினான்கு, சரி. அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை கணக்கைச் சரியாகப் போட்டான்?" மூன்று நாளாகிறது. பதில் இல்லை.

"வாப்பா, டீச்சர்கிட்ட ஏன் சண்ட போடுறீங்க? நம்ம புக்கிட் பாத்தோக் ஏரியாவுல ஏற்கெனவே மூணு டியூஷன் எடத்துல இவன வேணாம்னுட்டாங்க லா," என்றாள் மகள்.

நான்காவது இடத்திலும் இதையேதான் கேட்பேன். எனக்கு வயது எழுபத்தாறு. மின்தூக்கி வர எத்தனை விநாடி, காலையில் எத்தனை மாத்திரை என்று எதையாவது எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. ஒரு பிள்ளையை எண்ணிக்கை போட்டே குற்றவாளி ஆக்கிவிடலாம் என்பது எனக்குத் தெரியும். செய்தவன் நான்.

அப்போது எனக்குப் பதினொன்று, தங்கைக்கு எட்டு. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், வாப்பாவின் துணிக்கடைக்கு மேல் குடியிருந்தோம். மாடிப்படி இருபத்திரண்டு. இருவருக்கும் ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடம். தங்கைக்கு எட்டாம் வாய்ப்பாடு வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை வகுப்பின் முன்னால் கைகட்டி நின்று ஒப்பிக்க வேண்டும், தவறினால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

வாப்பா அதற்குமேல் ஒரு படி போனார். "ஒரே கிளாஸ்ல ரெண்டு வருஷம் குந்தவா? வேணாம். வீட்ல இருந்து தம்பியப் பாத்துக்கட்டும்."

உம்மா தொட்டிலை ஆட்டப் போனாள். அதில் கிடந்த தம்பி அழுதான். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குப் பெருமைதான். ஒரு நோட்டில் மூன்று கட்டம் கிழித்தேன்: தவறு, நிறுத்தம், குதி.

மூன்றாவது கட்டம் ஏனென்றால், அவள் ஓரிடத்தில் நிற்க மாட்டாள். கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் பக்கத்துக் கடைச் சீனப் பெண்கள் இருவர் ரப்பர் வளையங்களைக் கோத்த கயிற்றை ஆளுக்கொரு முனையாகப் பிடிப்பார்கள். கயிறு முழங்காலில் தொடங்கி, இடுப்பு, தோள், தலை என்று ஏறும். இவள் தாண்டுவாள். கயிறு இவளுடையது. நூற்று நாற்பது வளையம், எண்ணியிருக்கிறேன்.

முதல் நாள் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டேன். ஒன்பது தவறு. கால் ஆடிக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்று முடிவு செய்தேன். மறுநாள் அவள் கயிற்றாலேயே அவள் கணுக்கால்களை நாற்காலிக் காலில் கட்டினேன். பதினொரு தவறு.

"கால கட்டுனா வாயும் கட்டிக்குது நானா," என்றாள். எங்கள் வீட்டில் அண்ணனை 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"சாக்கு சொல்லாத."

"நீ எண்ணிக்கப் பேய்."

அதையும் ஒரு நிறுத்தமாக எழுதிக்கொண்டேன். அடுத்தடுத்த நாட்களில் முடிச்சை இறுக்கினேன். எண்ணிக்கை குறையவில்லை. வாப்பாவிடம் தினமும் நோட்டைக் காட்டினேன். அவர் தினமும் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்காலியோடு சாய்ந்து விழுந்து, முடிச்சிலிருந்து காலை உருவிக்கொண்டு, கயிற்றோடு கீழே ஓடினாள். நான் நோட்டோடு துரத்தினேன். அதற்குள் கயிறு ஏறிவிட்டது. அவள் தாண்டிக்கொண்டே ஏதோ கத்தினாள். ஓரெட்டு எட்டு. ஈரெட்டு பதினாறு. ஒரு தாண்டலுக்கு ஒரு வரி. நான் கடைசிப் படியில் நின்று குதிகளை ஒன்றுவிடாமல் எழுதினேன். பதினாறு. நேராகக் கடைக்குள் போய், "நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு பதினாறு தடவ குதிச்சா வாப்பா," என்றேன். அன்று அவளுக்குக் காதில் ஒரு திருகு கிடைத்தது.

என் நோட்டைப் பற்றி வாப்பா சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வாத்தியார் தவறுகளைக் குறிக்க என்னையும் வகுப்புக்குக் கூப்பிட்டு நிறுத்தினார், நோட்டோடு.

"கையக் கட்டு. ம், சொல்லு."

தங்கை கட்டினாள். மூவெட்டு இருபத்துநாலு வரை வந்தாள். நாலெட்டில் நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"தெரியலன்னா போய் உக்காரு."

"உக்கார மாட்டேன் சார்."

வாத்தியாரிடம் அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் கட்டிய கையை அவிழ்த்தாள், பாவாடையைத் தூக்கிச் செருகினாள், இல்லாத கயிற்றைத் தாண்டினாள். ஓரெட்டு எட்டு. பலகைத் தரை அதிர்ந்தது. நாலெட்டு முப்பத்திரண்டு. வாத்தியார் பிரம்பை எடுத்தார். அவள் பிரம்பைப் பார்த்துக்கொண்டே ஏழெட்டைத் தாண்டினாள். பத்தெட்டில் சிரித்தவர்களும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். பதினாறெட்டு நூற்றிருபத்தெட்டு என்று சொல்லி இறங்கியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. கையை மட்டும் மறுபடி கட்டவில்லை.

பிரம்பு மேலேயே நின்றது. வாத்தியார் என் பக்கம் திரும்பினார்.

"எத்தன தப்பு?"

"பதினாறு தடவ குதிச்சா சார்."

"அதக் கேக்கலடா. தப்பு எத்தன?"

நோட்டைப் பார்த்தேன். "எழுதல சார்."

அவர் பிரம்பை மேசையில் வைத்தார். "மூணாம் வகுப்புக்குப் போ. அங்க தர சிமெண்டு," என்று அவளிடம் சொன்னார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் முன்னால் தாண்டித் தாண்டிப் போனாள். நான் பின்னால் முகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வாத்தியார் கேட்ட நேரத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டேனே என்பதுதான் என் வருத்தம். கடைவாசலில் மறுபடி நோட்டைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் 'தவறு' என்ற கட்டம் வெறுமையாகவே இருந்தது. நான் மறக்கவில்லை, அதில் எழுத ஒன்றுமே இருக்கவில்லை என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.